பசு என்று எழுதிய பலகை

பொது இடத்தில் நாட்டப்படும் எந்த அரச அறிவித்தற் பலகையானாலும், அதன் வாசகத்தை அந்தந்த மொழிக்குரிய மொழிபெயர்ப்பாளர் வாசித்து ஒப்பமிட்ட பிறகே எழுதுபவரின் கைக்குப் போக வேண்டும். எங்கள் கந்தோரின் நடைமுறைக் கோவையில் இப்படி ஒரு விதி இருந்தது. நான் புத்தளத்தில் நிர்வாக உத்தியோகத்தராக இருந்த காலத்தில் ஒரே ஒரு பலகையைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் அது ஒழுங்காகப் பின்பற்றப்பட்டது. யாரும் கோவையை வாசித்ததால் அல்ல. எங்கள் மொழிபெயர்ப்பாளர் வாசகத் தாளைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, தனக்குத் திருப்தி வரும்வரை தரமாட்டார். அவ்வளவுதான் காரணம்.

கந்தோரில் எல்லோரும் அவரை மிஸ் என்றுதான் அழைத்தோம். மன்னார்ப் பக்கத்துப் பெண். தொண்ணூறாம் ஆண்டு வடக்கு முஸ்லிம்களை ஸ்பீக்கரில் சொல்லி ஊரை விட்டு வெளியேற்றியபோது, தாயும் தம்பியும் அவருமாக ஒரு வள்ளத்தில் வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கியவர்கள். மெலிந்த உடம்பு. கறுப்பு அபாயாவின் கைக்கு வெளியே ஓர் ஆண் கைக்கடிகாரம் தளர்ந்து தொங்கும். வாப்பாவுடையது என்று ஒருமுறை சொன்னார். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் சரளமாகப் பேசுவார், மூன்றிலும் சண்டை பிடிப்பார். மேலதிகாரிகளுக்கு அவரிடம் பயம் கலந்த எரிச்சல் இருந்தது. எனக்கு எரிச்சல் மட்டும் இருந்தது. பயம் பின்னால் வந்தது.

அவருடைய வழக்கம் ஒன்றைச் சொன்னால் ஆளையே சொன்ன மாதிரி. ஒரு வாசகத்தை மொழிபெயர்த்து முடித்ததும், பிளேன்டீ கொண்டுவரும் ஜெசீமாவைக் கதிரையில் உட்கார வைத்து உரத்து வாசித்துக் காட்டுவார். விளங்கினதா என்று கேட்கமாட்டார். "இதைக் கேட்டா நீங்க அடுத்ததா என்ன செய்வீங்க?" என்று கேட்பார். ஜெசீமாவின் பதில் கந்தோர் விரும்பிய காரியமாக இருந்தால் ஒப்பம் விழும். இல்லாவிட்டால் தாள் கிழியும்.

நுளம்பு ஒழிப்பு வாரத்தில் 'நீர் தேங்கும் கொள்கலன்களை அகற்றவும்' என்று ஒரு வாசகம் வந்தது. ஜெசீமா கொஞ்சம் யோசித்தார்.

"ஒண்டும் செய்யமாட்டன் மிஸ். கொள்கலன் எண்டா ஹாபர்ல கப்பல்ல ஏத்துற பெரிய பெட்டிதானே? எங்கட வளவுல அது இல்லையே."

'சிரட்டை, டயர், பூச்சட்டி எல்லாத்தையும் கவிழ்த்து வையுங்கள்' என்று வாசகம் மாறியது. சுகாதாரப் பகுதியிலிருந்து ஒருவர் வந்து, "இது மொழிபெயர்ப்பா, நாடகமா?" என்று என் மேசைக்கு முன்னால் நின்று கத்தினார். நான் கோவையை எடுத்து விதியைக் காட்டினேன். விதியைக் காட்டுவது எனக்குப் பிடித்த வேலை. அதில் சிந்திக்க வேண்டியதில்லை.

அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்பதை ஒரு சுனாமி ஒத்திகையின்போதுதான் கண்டுகொண்டேன். இந்து சமுத்திரத்துக் கரை நாடுகள் பல சேர்ந்து நடத்திய ஒத்திகை. ஒலிபெருக்கியில் வாசிக்கவேண்டிய அறிவித்தல் மேலிடத்திலிருந்தே தமிழில் வந்திருந்தது. 'அனைவரும் உடனடியாகத் தத்தமது இருப்பிடங்களை விட்டு வெளியேறவும்.' மிஸ் அதை வாசித்தார். ஜெசீமாவைக் கூப்பிடவில்லை. வலக்கையால் அந்தக் கடிகாரத்தைப் பொத்திக்கொண்டார்.

"சேர், இதை எங்கட ஆக்கள் இருக்குற ஊர்கள்ல ஸ்பீக்கர்ல சொல்லப் போறீங்களா?"

"ஓம். ஒத்திகைதானே மிஸ். பள்ளிக்கூட மேட்டுக்கு நடந்து போயிட்டுத் திரும்பி வாறது."

"அது ஒங்களுக்குத் தெரியும். ஸ்பீக்கருக்குத் தெரியாதே."

அவர் எழுதிக் கொடுத்தது இது: 'தண்ணி வரப்போகுது. பள்ளிக்கூட மேட்டுக்கு வாங்க. வீட்டைப் பூட்டத் தேவையில்லை, அஸர் தொழுகைக்கு முன்னம் திரும்பி வருவீங்க.' ஓர் அரச அறிவித்தலில் 'திரும்பி வருவீங்க' என்ற வார்த்தையை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை.

ஆனால் ஓர் ஊரில் பழைய தாள் முந்திப் போய்விட்டது. 'வெளியேறவும்' என்று ஸ்பீக்கர் சொன்னதும், அங்கே ஒரு முதியவர் காணி உறுதிப் பத்திரத்தையும் குர்ஆனையும் துணியில் முடிந்து எடுத்துக்கொண்டு பெருந்தெருவுக்கு வந்து, போன லொறி ஒன்றை மறித்து ஏறிவிட்டார். அனுராதபுரத்தில்தான் அவரைப் பிடித்தார்கள். எங்கே போனீர் என்று கேட்டதற்கு, "போகச் சொன்னாங்க, போனேன்" என்றாராம். ஒத்திகை வெற்றி என்று நாங்கள் அறிக்கை அனுப்பினோம். மக்கள் எதிர்பார்த்ததை விட விரைவாக வெளியேறினார்கள் என்று அதில் ஒரு வரி இருந்தது.

யுத்தம் முடிந்து வீதிகள் திறந்த பிறகு எங்கள் கரைக்கு வெளிநாட்டுத் திட்டங்கள் வரத் தொடங்கின. அவற்றில் ஒன்று கடற்புல் திட்டம். பல நாடுகள் சேர்ந்து, பல கடல்களில் அழிந்துபோன கடற்புல் தரைகளை மீண்டும் நட்டு, அந்தப் புல்லை மேய்ந்து வாழும் அருகிப்போன ஒரு பெரிய சீவனைக் காப்பாற்றுவது நோக்கம். ஆங்கிலத்தில் டுகோங். சிங்களத்தில் முஹுது ஊரா, அதாவது கடல்பன்றி. எங்கள் கரையில் தமிழ் பேசுபவர்களும் கடல்பன்றி என்றே சொல்லி வந்தார்கள். புத்தகத் தமிழில் மட்டும் அது கடற்பசு.

திட்டத்தின் தலைவி ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. நல்லவர் என்று சொல்லத்தான் வேண்டும். மற்றத் திட்டத்தார் ஹோட்டலில் இருந்து கடலைப் பார்த்தபோது, அவர் ஆழமில்லாத களப்புக் கடலுக்குள் இறங்கிச் சேற்றில் முழங்காலிட்டுப் புல் நட்டார். ஊருக்குள் வந்தால் ஸலாம் சொல்வார். நாங்கள் தெரிவு செய்த ஊர் களப்பின் வாயோடு ஒட்டிய ஒரு மீன்பிடிக் கிராமம். பெரும்பாலும் வடக்கிலிருந்து வந்து குடியேறிய முஸ்லிம்கள். மிஸ்ஸின் தம்பி அங்கேதான் படகு வைத்துத் தொழில் செய்தார். கடற்புல் காவற்குழுவுக்குத் தலைவராக அவரையே போட்டார்கள். திட்டத்தில் அவரை விட அதிகமாக யாரும் சந்தோஷப்பட்டிருக்கமாட்டார்கள். அவர்கள் கொடுத்த டீசேர்ட்டைக் கழற்றவே மாட்டார்.

கரையில் வைக்கப் போகும் பலகையின் வாசகம் பற்றிக் கூட்டம் நடந்தது. கொழும்பிலிருந்து வந்த இணைப்பாளர், பண்பான ஒரு தமிழ் இளைஞர், 'கடற்பசு' என்று தயாராக எழுதிக் கொண்டு வந்திருந்தார். மிஸ் அதை அடித்து 'கடல்பன்றி' என்று எழுதினார்.

"மிஸ், அது முஸ்லிம் கிராமம் எல்லோ?" இணைப்பாளர் குரலைத் தாழ்த்தினார். "பன்றி எண்டு போர்ட் வைச்சா ஆக்களின்ர மனம் புண்படும்."

"புண்படட்டும் சேர். அந்த அருவருப்புத்தான் அந்தச் சீவனுக்கு வேலி."

அவர் விளக்கினார். அது வலையில் பட்டால் அந்த ஊரில் யாரும் தொடமாட்டார்கள். வலை போனாலும் பரவாயில்லை என்று கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு விட்டுவிடுவார்கள். கரைக்கு வந்து படகைக் கழுவுவார்கள். சீவன் உயிரோடு போய்விடும். அதன் பெயரில் பன்றி இருப்பது ஒன்றே காரணம்.

"பன்னி எண்டா வலையை அறுப்பாங்க. பசு எண்டா கழுத்தை அறுப்பாங்க" என்றார் மிஸ்.

தமிழில் வினைச்சொல் ஒன்றுதான் என்பதை அப்போதுதான் நானும் கவனித்தேன். நான் சிலாபத்துக் கத்தோலிக்கன். எங்கள் பக்கத்தில் பன்றியும் தின்போம், மாடும் தின்போம். பெயரை வைத்து எந்தச் சீவனும் எங்களிடமிருந்து தப்ப முடியாது. அதனால் எனக்கு இது புதிது.

தலைவி பொறுமையாகக் கேட்டார். பிறகு, மனிதர் அன்பு செலுத்தாத எதையும் காப்பாற்றமாட்டார்கள், அருவருப்பை வைத்து ஒரு பாதுகாப்புத் திட்டம் நடத்த முடியாது என்றார். மிஸ் அதை எங்களுக்குத் தமிழில் சொல்லிவிட்டு ஆங்கிலத்தில் அவருக்குப் பதில் சொன்னார்: "ஆடு வளர்க்கிறவங்களும் ஆட்டுல அன்புதான் மேடம்."

பிறகு என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார்:

"எழுதிக் கொள்ளுங்க சேர். இந்தச் சொல்லால எங்கட ஆக்கள்ல ஒருத்தன் பிடிபட்டு மறியல்ல கிடப்பான். சீவனும் போகும். நான் ஒப்பம் வைக்கமாட்டன்."

வைக்கவில்லை. அதோடு நிற்காமல், திட்டத்தின் உயர்குழுவுக்கு என் ஊடாக ஒரு கடிதமும் எழுதினார்: தமிழ்ப் பெயரைக் கரையோர வழக்குப்படி மாற்ற வேண்டும், அதற்கான காரணம் இது. நான் முகப்புக் குறிப்பு இணைத்து முறைப்படி அனுப்பினேன். கிடைத்தது, கவனத்தில் எடுக்கப்படும் என்று ஒரு துண்டு வந்தது. பிறகு அமைதி. பல நாடுகள் சேர்ந்து மௌனமாக இருக்கும்போது அதில் ஒரு கம்பீரம் இருக்கத்தான் செய்கிறது.

பலகை ஒப்பமில்லாமலே கொழும்பில் எழுதப்பட்டு வந்து இறங்கியது. திரை விலக்கினார்கள். கொடிகள் பறந்தன, பள்ளிப் பிள்ளைகள் நீல உடுப்பில் ஆடினார்கள். பலகையில் ஆங்கிலத்தில் டுகோங் இருந்தது, சிங்களத்தில் கடல்பன்றி இருந்தது, தமிழில் 'எங்கள் கடற்பசு, எங்கள் பெருமை' இருந்தது. கீழே, சீவனின் படம், சிரித்த முகத்தோடு. தமிழ் வாசகத்துக்கு ஒப்பம் பெறப்படவில்லை என்று நான் கூட்டக் குறிப்பில் பதிந்தேன். அடுத்த கூட்டத்தில் அந்தக் குறிப்பை வாசித்து, சரியானது என்று ஏகமனதாக ஏற்றுக்கொண்டார்கள்.

திட்டம் தோற்றிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. ஆனால் அவர்கள் நட்ட புல் பிடித்துக்கொண்டது. பல நாட்டு நிபுணர்களும் எங்கள் ஊர்ப் பெண்களும் சேர்ந்து சேற்றில் ஊன்றிய புல், வற்றுக்கடல் நேரத்தில் கரையிலிருந்து பார்த்தாலே பச்சையாகத் தெரிந்தது. தம்பி போனில் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பினார். வருஷக்கணக்காகக் கரைப்பக்கம் வராத சீவன், அந்தப் புல்லைத் தேடி ஊரின் வாசலுக்கே வந்தது.

நாடுகளின் பிரதிநிதிகள் முன்னேற்றத்தைப் பார்க்க வந்த அன்று, ஊரார் மதியச் சாப்பாடு வைத்தார்கள். பந்தலில் பாய் விரித்து, ஆறு பேருக்கு ஒரு பெரிய தட்டாக சஹன் வைத்த விருந்து. வெளிநாட்டார் கால் மடிக்கத் தெரியாமல் சிரித்துக்கொண்டே அமர்ந்தார்கள். என் சஹனில் வனசீவராசிகள் உத்தியோகத்தர் ஒருவர் இருந்தார். சிங்களவர், நல்ல மனிதர், நல்ல பசிக்காரர். சோற்றின் மேல் இறைச்சி மலைபோல் இருந்தது. மெத்தென்ற இறைச்சி, மாடு மாதிரியும் இருந்தது, மாடு இல்லாத மாதிரியும் இருந்தது. நான் இரண்டாம் முறையும் போடச் சொன்னேன். உத்தியோகத்தரும் தன் பக்கத்தைக் காட்டினார்.

மிஸ் லுஹர் தொழுதுவிட்டுக் கடைசியாக வந்தார். அவர் உட்காரும் முன்பே தலைவி கூப்பிட்டார்: இவ்வளவு மென்மையான இறைச்சி தான் சாப்பிட்டதில்லை, இது என்ன என்று கேட்டுச் சொல்ல முடியுமா?

தம்பி அதற்காகவே காத்திருந்தவர் போல வந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"சொல்லுங்க ராத்தா, அவங்கட பசுதான் எண்டு."

"எந்தப் பசு?"

தம்பி தன் டீசேர்ட்டின் நெஞ்சை இரண்டு கையாலும் இழுத்துக் காட்டினார். அதில் அந்தச் சீவன் சிரித்துக்கொண்டிருந்தது.

என் வாயில் இருந்த கவளம் அப்படியே நின்றது.

"விடியவே வலையில வந்து பட்டிச்சு ராத்தா. முந்தி நாங்க பன்னி எண்டு நினைச்சு விட்டுட்டிருந்தோம். இவங்க வந்து பசு எண்டு போர்ட் வைச்ச பிறகுதானே விளங்கினது. புல்லு நட்டது நாங்க. அந்தப் புல்லைத் திண்டு வளந்தது அது. எங்கட வீட்டுப் பசு மாதிரித்தானே? வளத்த மாட்டை விருந்தாளிக்கு அறுக்காம வேற யாருக்கு அறுக்குற? பிஸ்மி சொல்லித்தான் அறுத்தது. அளவாத்தான், ஒண்டே ஒண்டு. அளவோட பயன்படுத்தச் சொல்லி காவற்குழு வகுப்புலயும் சொன்னாங்கதானே."

இதில் ஒரு வரியைக்கூட என்னால் இன்றுவரை பிழை என்று நிரூபிக்க முடியவில்லை. எங்கள் வாசகங்கள் எல்லாவற்றையும் அவர் கவனமாகக் கேட்டு, அடுத்ததாகச் செய்ய வேண்டியதைச் செய்திருந்தார்.

மிஸ் தலைவியின் முகத்தைப் பார்த்தார். என் பக்கத்தில் மென்றுகொண்டிருந்த உத்தியோகத்தரைப் பார்த்தார். ஊராரைப் பார்த்தார். கடைசியாகத் தம்பியைப் பார்த்தார். ஒவ்வொரு முகத்துக்கும் அவர் தனக்குள்ளே அதே கேள்வியைக் கேட்கிறார் என்பது எனக்குத் தெரிந்தது. இதைக் கேட்டால் இவர் அடுத்ததாக என்ன செய்வார்? வெறும் மாட்டிறைச்சி என்று சொல்லியிருக்கலாம். நான் அதைத்தான் சொல்லியிருப்பேன். சொல்லிவிட்டுப் போகும் வழியில் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பேன். அவருடைய வாய் எதற்காகவும் அப்படித் திறந்து நான் கண்டதில்லை.

முதலில் ஊராருக்குத் தமிழில் சொன்னார். "எல்லாரும் கையை எடுங்க. இது பன்னி. நம்ம உம்மாமார் பன்னி எண்டு சொன்ன அதே சீவன்." பிறகு தலைவிக்கு ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு உத்தியோகத்தரிடம் சிங்களத்தில் சொன்னார். மூன்றிலும் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. எங்கள் கந்தோரிலிருந்து மூன்று மொழியிலும் பிழையில்லாமல் வெளிவந்த அறிவித்தல் என்று நான் சத்தியம் பண்ணக்கூடியது அது ஒன்றுதான்.

பந்தலில் எல்லாக் கைகளும் நின்றன. ஒரு பெரியவர் எழுந்து கிணற்றடிக்கு ஓடினார். அவர் சத்தி எடுக்கும் சத்தம் கேட்டது. பிள்ளைகளின் வாயைத் தாய்மார் விரல் விட்டுத் துடைத்தார்கள். தலைவி தன் முன்னால் இருந்த சஹனைப் பார்த்தார், தம்பியின் டீசேர்ட்டைப் பார்த்தார், மறுபடி சஹனைப் பார்த்தார். கையை உடம்பிலிருந்து தூர நீட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார், அது வேறொருவருடைய கை போல. உத்தியோகத்தர் எழுந்து கை கழுவினார். தம்பியைக் கைது செய்து தன் கடமையைச் செய்தார். சான்றுப் பொருளில் ஒரு பகுதி அவருடைய வயிற்றில் இருந்தது. அது பற்றி அறிக்கையில் எதுவும் வரவில்லை.

"ராத்தா, என்ன சொல்லிட்டீங்க?" என்றார் தம்பி. ஜீப்பில் ஏறும்போதும் அதையே கேட்டார்.

தம்பியை மறியல் சிறையில் வைத்தார்கள். அடுத்த தவணைக்கு நீதிமன்றத்துக்கு நானும் போனேன். கந்தோர் சார்பில் ஓர் ஆள் இருக்க வேண்டும் என்பது முறை. குற்றப் பத்திரம் சிங்களத்தில் இருந்தது. நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர், முஹுது ஊரா என்பதை அச்சொட்டாகத் தமிழாக்கி, "நீர் கடல்பன்றி ஒன்றை அறுத்து, அதன் இறைச்சியை விருந்தில் பரிமாறியதாகக் குற்றம் சாட்டப்படுகிறீர். சுற்றவாளியா, குற்றவாளியா?" என்று கேட்டார்.

தம்பி கூண்டின் விளிம்பைப் பிடித்தார். பின்னால் இருந்த வாங்குகளில் ஊரார் பாதிப்பேர் இருந்தார்கள்.

"அல்லாவே! நான் பன்னி அறுக்கல்ல ஐயா. பசுதான் அறுத்தன். போர்டைப் போய்ப் பாருங்க!"

சிரிப்பு எழுந்தது. நீதவான் சிரிக்கவில்லை. அறுத்ததை ஒத்துக்கொள்கிறார், ஆனால் குற்றத்தில் உள்ள பெயரை மறுக்கிறார். இது என்ன பதில் என்று சட்டத்தரணியைக் கேட்டார். சட்டத்தரணி என்னைப் பார்த்தார். இந்தச் சீவனின் உத்தியோகபூர்வத் தமிழ்ப் பெயர் எது என்று உரிய தரப்பிடம் எழுத்தில் பெற்றுத் தரும்படி உத்தரவு வந்தது. நான் கந்தோருக்கு வந்து கோவையைத் திறந்தேன். அதே கேள்வி மிஸ்ஸின் கடிதமாக உயர்குழுவிடம் ஏற்கெனவே போய்க் கிடந்தது. நினைவூட்டல் அனுப்பினேன். இன்னொரு நினைவூட்டல் அனுப்பினேன். தவணை தள்ளிப் போனது, தம்பி உள்ளே இருந்தார்.

மிஸ் ஒவ்வொரு தவணைக்கும் வந்தார். ஊரார் அவருக்குப் பக்கத்தில் உட்காரவில்லை. தம்பியைக் காட்டிக்கொடுத்த ராத்தா என்று அவர் காதுபடவே கதைத்தார்கள். கந்தோரில் ஜெசீமாவும் அதே ஊர்க்காரி, அதே விருந்தில் இருந்தவர்; பிளேன்டீயை மேசையில் வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போவார்.

சட்டத்தரணி ஒரு வழி கண்டுபிடித்தார். உயர்குழுவுக்குக் காத்திருக்கத் தேவையில்லை; பலகைக்குரிய மொழிபெயர்ப்பாளர் 'கடற்பசு என்பதே சரியான தமிழ்ப் பெயர்' என்று ஒப்பமிட்டுக் கொடுத்தால் போதும். நீதிமன்றம் அந்தச் சொல்லால் கேட்கும், தம்பி பசுவை அறுத்ததாக ஒத்துக்கொள்வார், தண்டத்தைக் கட்டிவிட்டு அன்றே வீட்டுக்குப் போவார். ஊருக்கும் பன்றி கொடுத்தவர் என்ற பெயர் இல்லை. நான் தாளைத் தட்டச்சு செய்து கொண்டுபோய் மிஸ்ஸின் முன்னால் வைத்தேன்.

"ஒரு ஒப்பம்தான் மிஸ். விதியிலயும் அதுதான் இருக்கு."

அவர் வாசித்தார். கண் சிவந்திருந்தது. "ஜெசீமாவைக் கூப்பிடுங்க சேர்."

"இதுக்குமா?"

"இதுக்குத்தான்."

ஜெசீமா வந்து கதிரையின் நுனியில் உட்கார்ந்தார். மிஸ் உரத்து வாசித்தார். குரல் ஓரிடத்தில்கூடத் தடுமாறவில்லை.

"இதைக் கேட்டா நீங்க அடுத்ததா என்ன செய்வீங்க?"

ஜெசீமா முந்தானையைப் பிசைந்தார். தம்பி வெளியே வர வேண்டும் என்பதில் அவருக்கும் ஆசைதான். பொய் சொல்லவும் அவருக்கு வரவில்லை.

"மிஸ்ஸே பசு எண்டு எழுதிக் குடுத்திட்டா... அண்டைக்குத் திண்டது ஹராமில்ல எண்டு நிம்மதியா இருக்கும் மிஸ். எல்லாருக்கும்தான். பிறகு, அடுத்த தரம் வலையில பட்டா..."

"பட்டா?"

"அறுப்பாங்க மிஸ்."

எதை என்று யாரும் கேட்கவில்லை. மிஸ் பேனையை மூடி வைத்தார். தாளை என்னிடம் திருப்பித் தந்தார். இந்த முறை கிழிக்கவில்லை. ஒரு சீவனுக்காகவா, ஒரு சொல்லுக்காகவா, கூடப் பிறந்தவனையா? கேட்டே விட்டேன்.

"நீங்க மனுஷிதானா மிஸ்?"

"தெரியல்ல சேர்" என்றார். "அவனை வள்ளத்துல மடியில வைச்சுக் கொண்டு வந்தவள் நான்தான்."

அடுத்த தவணை ஒரு வியாழக்கிழமை. உயர்குழுவின் பதில் வரவில்லை என்று நான் எழுந்து சொன்னேன். நீதவான் மறுபடியும் தள்ளி வைக்கப் போனார். அப்போது தம்பி கையை உயர்த்தினார். மெலிந்திருந்தார். ஒப்பம் வைக்க மறுத்த கதை மறியலுக்குள்ளும் போயிருந்தது. ராத்தாவைத் திட்டப் போகிறார் என்றுதான் நான் எதிர்பார்த்தேன்.

"ஐயா, இனி யாருக்கும் காத்திருக்க வேணாம். ராத்தா பன்னி எண்டு சொன்னா அது பன்னிதான். நான் பன்னிதான் அறுத்தன். பன்னிதான் எல்லாருக்கும் குடுத்தன். எழுதிக் கொள்ளுங்க."

இந்தத் தடவை ஒருவரும் சிரிக்கவில்லை. பின்னால் இருந்த வாங்குகளிலிருந்து ஊரார் ஒவ்வொருவராக எழுந்து வெளியே போனார்கள். மிஸ் மட்டும் தனியாக இருந்தார், கடிகாரத்தைப் பொத்திக்கொண்டு. தண்டம் விதிக்கப்பட்டது, கட்டப்பட்டது, தம்பி வெளியே வந்தார். யாரும் அவரை ஏசவில்லை, அடிக்கவில்லை. அவர் வீட்டில் தண்ணீர் குடிக்க மட்டும் யாரும் வரவில்லை. சில மாதங்களில் படகை விற்றுவிட்டு மன்னாருக்குத் திரும்பிப் போனார். இந்த முறை ஸ்பீக்கர் எதுவும் தேவைப்படவில்லை. அந்த ஊரில் அதற்குப் பிறகு வலையில் பட்ட சீவன்களைக் கயிறு அறுத்து விட்டுவிடுகிறார்கள் என்று அந்த வனசீவராசிகள் உத்தியோகத்தர் என்னிடம் சொன்னார். பலகையில் இப்போதும் பசுதான் இருக்கிறது. அதை யாரும் வாசிப்பதில்லை.

உயர்குழுவின் பதிலை, தம்பி ஊரை விட்டுப் போகும் முன்பே, நான்தான் பிரித்தேன். ஆங்கிலத்தில் மட்டும் இருந்தது. மிஸ் வாங்கி வாசித்துவிட்டு, நான் கேட்காமலே ஜெசீமாவைக் கூப்பிட்டு, வரி வரியாகத் தமிழில் சொன்னார். ஆழ்ந்த ஆலோசனையின் பின், கடற்பசு, கடல்பன்றி ஆகிய இரண்டு பெயர்களும் சமமாக ஏற்கத்தக்கவை. இடத்துக்கேற்ப எதையும் பயன்படுத்தலாம். அத்துடன், கோவையைப் பூரணப்படுத்துவதற்காக, இணைக்கப்பட்டுள்ள பலகை வாசகத்தில் திறப்பு விழாவுக்கு முந்திய திகதியிட்டு ஒப்பமிட்டுத் திருப்பி அனுப்பவும்.

இரண்டும் சமம் என்ற அந்த ஒரு வரி நீதவானின் கைக்குப் போயிருந்தால், மிஸ் ஒப்பமிடாமலே, தம்பி பசு என்று சொல்லிவிட்டுத் தலை நிமிர்ந்து வீட்டுக்குப் போயிருப்பார்.

மிஸ் தன் கேள்வியைக் கேட்கவில்லை. ஜெசீமாதான் கேட்டார்.

"இது எப்ப மிஸ் வந்தது?"

நான் கடித உறையைத் திருப்பி, எங்கள் கந்தோர் முத்திரையைக் காட்டினேன். வழக்கு முடிந்த மறுநாள், வெள்ளிக்கிழமை.